முந்நூறு கிராம்

எழுதுமட்டுவாளில் மறித்தோம்.
முல்லைத்தீவு மீன் லொறி.
மேலே நாலு பெட்டி சூடை,
அடியில் ஒரு றெஜிபோம் பெட்டி,
கட்டிய கயிற்றில் கறுப்பு மயிர்.
காட்டுப் பன்றி. நாற்பத்தொரு கிலோ அறுநூறு.
ஐஸ் ஆனையிறவுக்கு முன்னமே தண்ணீர்.
"நான் மீன் மட்டும்தான் ஏத்தினனான், சேர்"
என்றான் சாரதி டிலக்சன்,
மீனைப் பார்க்காமல்.

வெப்பமானியைக் குத்தினேன்: இருபத்தொன்பது பாகை.
நாலில் நின்றிருக்க வேண்டும்.
குடல் கிழிந்து கொட்டியதை
யாரோ சாரத் துண்டால் துடைத்திருக்கிறார்கள்;
அந்தத் துண்டும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.
வெடி போன வழியெல்லாம் கறுத்த சதை,
உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எறிய வேண்டிய இடம்.
எறியவில்லை.
நிறைக்காக அதையும் துண்டு போட்டிருந்தார்கள்.

'மனித நுகர்வுக்கு உதவாது' என எழுதினேன்.
எழுதும்போது வாயில் ஊறியதை எழுத
படிவத்தில் நிரல் இல்லை.

மறுநாள் காலை பணிமனை வாசலில்
மீசாலைக் குணபூஷணி,
மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலையோடு.
"அதிலை ரெண்டு கிலோ என்ரை, ஐயா.
காசு முதலே குடுத்திட்டன்."
நாளைக்கு எட்டுச் செலவு.
கணவாய் வாங்கியாயிற்று, சுருட்டு வாங்கியாயிற்று,
கால் போத்தல் சாராயம் மைத்துனன் பொறுப்பு.
"பண்டி இல்லாட்டி
மனுசன் இலைக்குக் கிட்டவும் வராது."

விளங்கப்படுத்தினேன்.
ஒரு புழு இருக்கும், அம்மா.
கண்ணுக்குத் தெரியாது,
தசைக்குள் சுருண்டு படுத்திருக்கும்.
உப்புக்குச் சாகாது,
வெயிலில் வத்தலாக்கினாலும் சாகாது,
சில சாதி ஐஸ் பெட்டியிலும் சாகாது.
எழுபத்தொரு பாகை நடு இறைச்சி வரை ஏற வேண்டும்.
ஏறாவிட்டால் தின்றவரின் தசையில் போய்க் குடியிருக்கும்.
காய்ச்சல், இமை வீக்கம், சிலருக்கு இதயம்...

எல்லாம் கேட்டுவிட்டுக் கேட்டா:
"அவருக்கு இனி எங்கை ஐயா தசை?"

சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்,
அவவின் முகத்தைப் பார்க்காமலிருக்க.
உணவு, உற்பத்தி, விற்பனை, நுகர்வோர்.
நுகர்வோர் உயிரோடிருக்க வேண்டுமென்று
ஒரு பிரிவிலும் போட்டிருக்கவில்லை.
செத்தவருக்கு விலக்கு என்றும் இல்லை.

"சந்தியிலை வைச்சா நாய் தின்னும்" என்றேன்.
"ஓம். நாய்தான் தின்னும்" என்றா,
அதில் என்ன பிழை என்பது போல.

பின்னேரம் நீதிமன்றக் கட்டளை வந்தது, ஒற்றை வரி:
அழிக்கவும்.
நாலடிக் கிடங்கு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு.
ஞானசீலன் நிறுத்தான்.
இரண்டாம் தரமும் நிறுத்தான்.
"நாற்பத்தொண்டு முந்நூறு. குறையுது, சேர்."
'நீர் வடிந்தமையால்' என எழுதிக் கையொப்பம் வைத்தேன்.
இறைச்சி நீர் விடும். பொய் இல்லை.
ஞானசீலன் என் சைக்கிள் பெட்டியைப் பார்க்கவில்லை;
பார்க்காமலிருக்க மண்ணை நல்லாய் மிதித்தான்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன்:
பலகையும் கத்தியும் இதுக்கு மட்டும்,
பிறகு கொதிதண்ணி.
ஒரு மணித்தியாலம் கொதிக்கட்டும், சிவப்புத் தெரியக் கூடாது.
அப்படி அவிச்சாலும் இது பழுது, பிள்ளையளுக்குக் காட்டாதேங்கோ.
படைச்சு முடிய ஆழமாய்த் தாழுங்கோ.
முக்கியமாய், ஒருத்தரும்
உப்புப் பார்க்கக் கூடாது.

"படையலுக்கு ஆர் ஐயா உப்புப் பாக்கிறது?"
என்று உள்ளே போயிட்டா.

எட்டுக்கு மறுநாள்
சந்தியில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கினேன்.
ஓலைப் பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது,
பக்கத்தில் பாதிச் சுருட்டு.
மஞ்சள் நாயொன்று நடுறோட்டில் நிமிர்ந்து படுத்திருந்தது.
ஹோர்ன் அடித்தேன். எழும்பியது.
நொண்டவில்லை, இமை வீங்கவில்லை,
வாலை ஆட்டியது.

இன்றைக்கு முதலாம் நாள்.
இந்த வழியால்தான் வேலைக்குப் போகிறேன்.