இரண்டு மணி

பீல் நகரில், மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
நிலம் துடைக்கிறேன்.
இரவு இரண்டுக்குத் தவறாமல்
மேல்வயிற்றில் ஒரு கொள்ளி.
ஒரு துண்டுப் பாண் தின்றால் அடங்கும்.
பிறகு வரும்.

தூள்தான் காரணம் என்று
பதினொரு வருசம் லோஜினியின் கறியை ஏசினேன்.
பாவம், வெள்ளைக்கறியே வைத்தாள்.
முதுகு நோவுக்கு இபுபுரோபன்,
வெறும் வயிற்றில்.
அதை யாரும் ஏசவில்லை.

மலம் தார்போல் கறுத்த அன்று
டொக்டர் ஒரு பையை நீட்டி ஊதச் சொன்னார்.
கிருமியாம்.
சின்ன வயதிலேயே குடிவந்திருக்குமாம்.
எனக்கு மூன்று தரம் அகதி விசாரணை;
அதனிடம் ஒருவரும்
ஒரு கேள்வி கேட்கவில்லை.

பதினாலு நாள் குளிசை.
நேற்று இரண்டு மணி
தனியாக வந்தது.

விடிய, தூள் போத்தலை
அவள் பக்கம் நகர்த்தினேன்.
“சரி, ஏச்சை என்ன செய்ய?” என்றாள்.