காந்தம் ஒட்டும் சட்டி

நிறைந்தது முப்பது கிலோ, காலி பாதி.
தோள் இந்தக் கணக்கைத் தூக்கத்திலும் சொல்லும்.

கானாடுகாத்தானில் ஒரு வீடு,
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு.
தெரியாமல் முதல் நாள் முகப்பு வழியே தூக்கிப் போனேன்.
வளவு, இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் சமையல்.
நடக்க நடக்க
மூன்று இடத்தில் வானம் தலைக்கு மேல் வந்து போனது.
அங்கே எது எரிந்தாலும்
ஏறிப் போய்விடும்.

என் வீடு காரைக்குடியில், செக்காலைப் பக்கம்,
ஒரு மாடிப்படிக்கு அடியில்.
அடுப்புக்கும் பாய்க்கும் நாலு முழம்.
ஜன்னல் இருந்தது. பக்கத்து மனைக்காரர்
அதன் மூக்கோடு சுவர் எழுப்பிவிட்டார்.

“வீட்டில் பீடி யார்?” என்றார் டாக்டர்.
யாருமில்லை.
“கொசுவத்தி?”
நிறுத்தி ஒரு வருஷம்.
“அடுப்பு?”
கேஸ்தான் சார், நானே கேஸ் போடுகிறவன், என்றேன்
சொந்தக் கடைச் சரக்கை மெச்சுகிற குரலில்.
அவர் மகளின் முதுகில் குழல் வைத்துக்கொண்டே
“ஜன்னல்?” என்றார்.

நீல நெருப்பு.
பாத்திரம் கரி பிடிக்காது, கண் கரிக்காது.
அதைச் சொல்லித்தானே
விறகு அடுக்கிய வீடுகளில் கதவு தட்டினோம்.
கண்ணுக்குத் தெரியாத ஒன்று மிச்சம் இருக்கிறது என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை,
நானும் யாருக்கும் சொல்லவில்லை.

செண்பகவல்லி சீட்டெடுத்தாள்.
கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று வந்தது, கூடவே ஒரு நிபந்தனை:
காந்தம் ஒட்டினால்தான் சூடேறும்.

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தோடு
மகள் வீடெல்லாம் சோதனை போட்டாள்.
அலுமினியக் குண்டான், ஊஹூம்.
பித்தளைச் சொம்பு, ஊஹூம்.
சீராக வந்த எவர்சில்வர் தவலை, பெரிய பெருமைக்காரி,
வழுக்கி விட்டாள்.
தோசைக்கல், டக்.
கடைசியில் முனீஸ்வரன் கோயில் தெருவில்
எடைக்கு வாங்கிய எனாமல் சட்டி,
மூடி இல்லாதது, ரோஜாப்பூ பாதி உதிர்ந்தது,
டக்.
“உள்ளே இரும்புப்பா, மேலே வேஷம்” என்று சிரித்தாள்.
இருமல் வராமல் முழுதாக ஒரு சிரிப்பு.

“உங்க வீட்டு ரீஃபில் இன்னும் புக் ஆகலையே?”
ஆபீசில் வேதகிரி கேட்டான்.
ஊருக்குப் போயிருக்காங்க, என்றேன்.
எந்த ஊர் என்று கேட்காதது அவன் பெருந்தன்மை.

கரண்ட் போகிற ராத்திரிகளில்
மூலையில் இருக்கும் சிலிண்டர்தான் பால் காய்ச்சுகிறது,
கதவை அகலத் திறந்துவைத்து, நாய் உள்ளே வராமல் காவலிருந்து.
எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.
என் மைத்துனனுக்குத் தூத்துக்குடியில்
அனல்மின் நிலையத்தைப் பார்த்த வீடு.
கொடியில் வேட்டி காயும்போதே சாம்பல் என்பான்.
போனில் மணிக்கணக்காகப் பேசுகிறோம்,
புது அடுப்பைப் பற்றி மட்டும்
இன்னும் சொல்லவில்லை.

இன்றைக்கு லோடு நாற்பத்திரண்டு.
முப்பத்தேழாவது வீடு
கழனிவாசலில், இன்னொரு மாடிப்படிக்கு அடியில்.
பர்னருக்குப் பக்கத்தில் குப்புறப்படுத்து
ஒரு பையன் வாய்ப்பாடு எழுதுகிறான்.
வாஷர் பார்த்தேன், சோப்புத் தண்ணீர் விட்டேன்,
குமிழி இல்லை.
“கதவைத் திறந்தே வைங்கக்கா.”

“ஏன் தம்பி, லீக்கா?”

இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.
காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு
படியில் நின்றேன் கொஞ்ச நேரம்.