தொண்ணூற்று நான்கு

பதினேழாவது படத்தோடு நின்றுவிட்டது.
ஆட்டின் உடலைத் தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு
எர்னிஸ் குதிரையோடு சாய்கிறான்,
இலக்குத் தொட்டியின் விளிம்பில் அவன் முழங்கை,
என் விரல் ஷட்டரை அழுத்தியபடியே இருக்கிறது.
கேமராவுக்குள் யாரும் இல்லை.

மூலையில் சிவப்பு விளக்கு மட்டும்
சிமிட்டிச் சிமிட்டி
இரு, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றது.
எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது
எர்னிஸைத் தோளில் தூக்கியிருந்தார்கள்.
மறுநாள் செய்தித்தாளில்
வேறொருவன் எடுத்த முழங்கை.

அதற்காகத்தான் வந்தேன், நரினிலிருந்து பிஷ்கெக்குக்கு,
ஆறு மணி நேரம், வேனில், யாருடைய மூட்டையோ மடியில் இருக்க.
டோர்டோய் சந்தை.
கண்டெய்னர் மேல் கண்டெய்னர் ஏற்றிய தெருக்கள்.
உருகிய பனியின் சகதி.
மிர்லானின் கண்ணாடிப் பெட்டிக்குள்
தபால்தலை அளவில் கார்டுகள்,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண்.

'நொடிக்கு நூற்றெழுபது' என்று மார்தட்டியதை எடுத்தேன்.
"அது படிக்கிற வேகம்" என்றான்,
சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பியபடி.
"எழுதுகிற வேகத்தைச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது.
கீழே பார், பொடி எழுத்தில் ஒரு வி, பக்கத்தில் முப்பது."

படிக்கிற வேகத்தை யார் கேட்டது?
வீட்டில், அடுப்பருகில், ஆற அமரப் பார்த்துக்கொள்வேன்.
குதிரைதான் காத்திருக்காது.

"முப்பது கல்யாணத்துக்கு.
தொண்ணூறு மாஸ்கோவிலிருந்து பணம் வருகிறவர்களுக்கு.
உன் குதிரைக்கு அறுபது போதும்.
கேமராவின் வாயைவிடப் பெரிய கரண்டி எதற்கு?"

பக்கத்துக் கடையில் இருநூற்றைம்பத்தாறு ஜிபி
பாதி விலை என்றேன்.
"வாங்கேன். எட்டு ஜிபி வரை நாணயமானது.
அதற்கு மேல் நீ கொடுப்பதையெல்லாம்
தலையாட்டித் தலையாட்டி வாங்கிக்கொள்ளும்.
திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது."
என் முன்னாள் கணவனை உனக்குத் தெரியுமா
என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

பெரிதாக ஒன்று வேண்டாம், சிறிதாக இரண்டு கொடு.
மூன்று ஆண்டுக்கு முன் கோச்கோரில் ஒரு திருமணம்.
பெண் வீட்டார் இருந்த கார்டு செத்துப்போனது.
மாப்பிள்ளை வீட்டார் மற்றதில் பிழைத்தார்கள்.
பெண்ணின் தாய் இன்றும் என்னைக் கண்டால்
தெருவின் மறுபக்கம் போகிறாள்.
ஒரே கார்டாக இருந்திருந்தால்
இரு வீடும் ஒன்று சேர்ந்திருக்கும்,
என்னை வைவதிலாவது.

அறுபத்து நான்கில் இரண்டு.
முதுகைத் திருப்பிக் காட்டினான்:
இரண்டு வரிசைத் தங்கப் பற்கள்.
"வேகமானதற்கு இரண்டு வரிசை இருக்கும்.
இங்கேயே போட்டுப் பார்.
பிறகு வந்து அழாதே."

எதிர்க்கடையில் காலுறை விற்கும் துர்சுனை
பிளாஸ்கிலிருந்து கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
குறி வைத்தேன். அழுத்தினேன்.
இருபது. நாற்பது. ஆவி அவள் முகத்தில் ஏறி இறங்கியது.
அறுபதில் என்னைப் பார்த்துவிட்டாள்.
தொண்ணூற்று நான்கில் நானாகத்தான் விரலை எடுத்தேன்.
ஒன்பது நொடி.
கிண்ணம் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.

"காட்டு" என்று வந்து நின்றாள்,
கையில் விலைச்சீட்டு தொங்கும் காலுறை.
ஒவ்வொன்றாய்த் தள்ளினேன்.
ஆவிக்குள் அவள் கண் மட்டும் மின்னுகிற முப்பத்தொன்றில்
கொஞ்சம் நின்றேன். அவள் நிற்கவில்லை.
அறுபத்தெட்டில் என் கையைப் பிடித்தாள்.
ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி,
என்னைத் திட்டுவதற்காக வாய் பிளந்திருந்தது.

"இதுதான்" என்றாள்.
"இதில்தான் என் தங்கப்பல் தெரிகிறது.
காசு கொடுத்துக் கட்டினேன்."

மற்றதையெல்லாம் அழித்துவிடச் சொன்னாள்.
சரி என்றேன்.
திரும்பும் வேனில், அதே இருட்டில்,
அழிப்பதற்கென்றுதான் கேமராவைத் திறந்தேன்.
மீதமிருக்கும் இடம் நான்கு இலக்கத்தில் எரிந்தது.

இருக்கட்டும்.