நான்கு மில்லிமீட்டர்

என் அளவுப்பலகைக்குப் பதினோரு வயது.
தலைப்பக்கம் ஒரு மரக்கட்டை.
மீனின் மூக்கை அதில் முட்டவைத்து
வாலை நீவிவிட்டால்
கோடு எண் சொல்லும், நான் எழுதுவேன்.
ஷாட் மீனுக்கு முப்பது சென்டிமீட்டர்.
அதற்குக் கீழே என்றால்
மீன் கடலுக்கு, சீட்டு கைக்கு.

இசிப்பிங்கோ பாறைகளில்
விடியுமுன்னே தூண்டில்கள் நிற்கும்.
சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு
நீரில் மஞ்சளாய் நெளியும்.
என் சீருடையைக் கண்டதும்
சில வாளிகளுக்கு மூடி முளைக்கும்.
சிலர் வணக்கம் சொல்வார்கள்,
அதுவும் ஒருவகை மூடிதான்.

"உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் நான்"
என்றார் தேவநாதன் முனுசாமி,
ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை.
உண்மைதான். பந்தல் நேராகவே நின்றது.
ஆனாலும் இருபத்தொன்பது புள்ளி எட்டு.
எழுதினேன்: ஐந்நூறு ரேண்ட்.
செத்த மீனைக் கடலில் எறிந்தேன்;
யாரிடமும் அனுமதி கேட்காமல்
ஒரு கடற்காகம் தூக்கிப் போனது.

வக்கீல் இல்லாமல் கோர்ட்டுக்கு வந்தார்.
இஸ்திரி போட்ட சட்டை. பையில் டேப்.
மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியை இறக்கி
என்ன அது என்றார்.
"தச்சன் அம்மா நான்.
வேறெதுவும் கொண்டுவரத் தெரியாது."

மேசைமேல் கிடந்தது பலகை,
சாட்சிப்பொருள் என்ற அட்டையோடு.
அவர் கட்டையை ஒற்றை விரலால் தள்ளினார்.
அசைந்தது,
ஏழு வயதுப் பிள்ளையின் பல்போல.
திருகாணிகளை உப்பு தின்றிருந்தது.
கட்டை பின்வாங்கி
சுழியத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி.
டேப்பை வைத்தார். நான்கு மில்லிமீட்டர்.
ஓர் உளுந்து படுத்துக்கொள்ளும் இடம்.
அவர் மீனின் மூக்கு
அதற்குள்தான் இருந்திருக்கிறது.

தள்ளுபடி என்ற சொல்லை
அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

இரவு, பழைய சீட்டுப் புத்தகங்களை
அடுப்படியில் பரப்பினேன்.
புள்ளி ஆறு முதல் புள்ளி ஒன்பது வரை
நாற்பத்தொரு பேர்.
கட்டை எந்த நாளில் தளர்ந்தது?
மார்ச்சில் பாறையில் தவறவிட்டேனே, அன்றா?
தெம்பிங்கோசி அதன்மேல் உட்கார்ந்து
ரொட்டி தின்றானே, அன்றா?
நாட்குறிப்பு எழுதும் வழக்கம்
உப்புக்கு இல்லை.

புள்ளி ஏழு: நொம்புலேலோ.
தவணையில் கட்டலாமா என்று கேட்டவள்.
புள்ளி ஒன்பது: பெயர் சரியாகத் தராத பையன்.
என்னைத் திட்டிய வார்த்தை ஞாபகம் இருக்கிறது.
அந்த ஒரு வார்த்தையின் அளவு
சரியாக இருந்திருக்கலாம்.

நாற்பத்தொரு பெயர்களையும் தட்டச்சு செய்து
மேலிடத்துக்கு அனுப்பினேன்.
மூன்று வாரம் கழித்துப் பதில்:
அவை முடிந்த கோப்புகள்.
புதிய பலகைக்கு விண்ணப்பிக்கவும்,
படிவம் இணைப்பில்.

விண்ணப்பித்தேன்.
பலகை வரவில்லை, தேவநாதன் வந்தார்.
ஜீப்பின் பின்கதவில் பலகையைச் சாய்த்து
இரண்டு பித்தளைத் திருகாணி முடுக்கினார்.
கட்டையைச் சுழியத்தில் நிறுத்த
மூச்சைப் பிடித்துக்கொண்டார்.
பிறகு ரசீது கிழித்துத் தந்தார், நாற்பது ரேண்ட்.
"சும்மா செய்தால் லஞ்சம் என்பார்கள்,
ரெண்டு பேருக்கும் கெட்ட பேர்."

ஆகஸ்ட். அதே பாறை.
அவர் வாளிக்கு மூடி இல்லை.
மூன்று மீன் சரி.
நான்காவதன் மூக்கு கட்டையில் முட்டியது.
வாலை நீவினேன். மறுபடி நீவினேன்.
இருபத்தொன்பது புள்ளி எட்டு.

அவர் குனிந்து பார்த்தார்.
விரலால் கட்டையைத் தள்ளினார்.
அசையவில்லை.
"நல்ல வேலை" என்றார்,
தன் வேலையைத்தான்.
பேனாவை நீட்டினேன்.
வழக்கத்தைவிடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

மீன் இன்னும் வாயைத் திறந்து மூடியது.
கையை நனைத்துக்கொண்டு
அவரே எடுத்து அலைக்குள் விட்டார்.
போகுமா, புரண்டு மிதக்குமா என்று
கொஞ்சநேரம் நின்றோம்
பாறைமேல் இரண்டு பேரும்.