பங்குக் கணக்கு

ஐஸ் கம்பெனி ரசீதின் பின்பக்கம்
பி பிரிவை வரைந்து வைத்திருக்கிறேன்.
நெய்வேலி நாலுக்கு நாலு. அவர்களை விடுங்கள்.
முழங்கால் உறைகூடக் கம்பெனி கொடுக்கிறது,
பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறார்கள்
நடுவில் நம்மை மூன்று செட் அடித்துவிட்டு.
மேலே போவது இரண்டு பேர்.
மிச்சமுள்ள ஒரு இடத்தில்
இரண்டு ஜெயித்த சிதம்பரம்
துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சோனங்குப்பம் ஒன்று.
அந்த ஒன்றும் பண்ருட்டியிடம்.

இன்று ஜூன் பதினாலு.
நாலு மணிக்கு நமக்கு பாகூரோடு இங்கே,
அதே நாலு மணிக்கு சிதம்பரம் பண்ருட்டியோடு அங்கே.
நாம் ஜெயிக்க வேண்டும், சரி.
பண்ருட்டியும் ஜெயிக்க வேண்டும்.
இந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத பண்ருட்டி,
போன மாதம் நாமே
பலாக்கொட்டை பலாக்கொட்டை என்று கத்தி அனுப்பிய பண்ருட்டி.

நம்ம நிலவரம் என்னடா?
காலையிலிருந்து நாலாவது தடவையாகக் கேட்கிறான் தேசிங்கு.
மூன்றுக்குப் பூஜ்யம் என்றால்
சிதம்பரம் எப்படித் தோற்றாலும் போதும்.
நாம் ஒரு செட் விட்டு
அவர்கள் இரண்டு செட் எடுத்துத் தோற்றால்
எட்டுக்கு எட்டு, ஒன்பதுக்கு ஒன்பது.
நெய்வேலி ஆபீசில் இதை ரேஷியோ என்கிறார்கள்.
நமக்குப் பங்கு என்றால்தான் புரியும்:
படகுக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை,
ஒன்றும் படாத நாளில் எல்லோருக்கும் சமம்.
சமமாகிவிட்டால்
முதல் ஆட்டத்திலிருந்து விழுந்த பாயிண்டையெல்லாம்
ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ண வேண்டும்,
வலைக்கண்ணில் சிக்கிய காரப்பொடி போல.

தேசிங்கு எங்கள் லிஃப்டர். படகில் டிரைவர்.
அறுபத்தொரு நாள் தடை நள்ளிரவோடு முடிகிறது.
டீசல் பிடித்தாயிற்று.
அவன் படகுக்கு நூற்றி இருபது பார் ஐஸ்,
இந்த ரசீதின் முன்பக்கம் அதுதான்.
அரையிறுதி நாளை மாலை, நெய்வேலியில்.

கடல் மூடியிருக்கும்போது மட்டும் இருக்கிற அணி இது.
மற்ற மாதங்களில்
ஆறு பேரும் ஆறு படகில்.
ஆகவே நம் வாய்ப்பு என்பது
முதலாளி கன்னியப்பனிடம்
யார் போய்ப் பேசுவது என்பதும்தான்.
முதல் ஓட்டத்து இறாலில்
இரண்டு மாதக் கடன் காத்திருக்கிறது.
தோத்துட்டா நிம்மதிடா என்றான் ஜான்பாஷா.
சொல்லிவிட்டு
உச்சி வெயிலில் தனியாகப் போய்
சர்வீஸ் பழகிக்கொண்டிருந்தான்.

மூன்றரைக்குக் கொண்டல் ஏறியது.
இந்தக் காற்றில் பந்து எங்கே இறங்கும் என்று
பாகூருக்குத் தெரியாது.
இருபத்தைந்து இருபத்திமூன்று.
இருபத்தாறு இருபத்திநாலு.
மூன்றாவது செட்டில்
கோட்டில் விழுந்த பந்தைக் கோட்டுக்கு வெளியே என்றார் நடுவர்.
கலைவேந்தன் மண்ணைக் குனிந்து காட்டினான்,
காற்று அதற்குள் அடையாளத்தை அழித்திருந்தது.
போயிற்று ஒரு செட்.

மடியில் போன்.
சிதம்பரத்திலிருந்து மச்சான் சொல்கிறான்
இரண்டுக்கு இரண்டு, கடைசி செட்,
பண்ருட்டிப் பசங்க பேய் மாதிரி ஆடுறாங்க.
யாருமில்லாத பக்கம் பார்த்து
பண்ருட்டி பண்ருட்டி என்று நான் கத்தினேன்.

பாயிண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தேன்.
ஐஸ் ரசீது, ஈரம் ஊறியிருக்கிறது.
சிதம்பரத்தோடு நாம் ஐந்து செட் ஆடிய அன்று
எழுதியது ஏழா ஒன்றா தெரியவில்லை.

நாலாவது செட், இருபத்திமூன்று இருபத்திரண்டு.
சர்வீஸ் தேசிங்கு.
பந்தை இரண்டு தட்டுத் தட்டியவன் நின்றான்.
துறைமுகத்தில் யாரோ ஒரு இன்ஜினை உசுப்பிப் பார்க்கிறார்கள்,
இருமுகிறது, நிற்கிறது, மறுபடி இருமுகிறது.
நம்முது, என்றான் என்னைப் பார்த்து.
ஏர் வாங்குது.

பிறகு பந்தை மேலே போட்டான்.