வெறும் பாத்திரம்

மோல்மேனில் எட்டு மணிக்குக் கரண்ட் போகும்.
அதற்குள் ஒரு அதிகாரமாவது முடித்துவிட வேண்டும்
என்பதுதான் என் பக்தியின் அளவு.

பாயை விரிக்கும்போதே ஆரம்பித்துவிடும்.
ஏனோஸ் என் காலை மிதித்தான் என்பாள் எப்சிபா,
எப்சிபா என் காதில் ஊதினாள் என்பான் ஏனோஸ்.
தீத்து பைபிளின் சிவப்பு நாடாவை
வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பான்.
நீதிமொழிகள் முழுக்க அவன் எச்சில்தான்.
அரிசி ஆலையில் பகல் முழுக்க மூட்டை தூக்கியவர்
சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவார்.
தியானம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.
குறட்டை வரும்வரை அதுவும் உண்மைதான்.

என்னென்னவோ செய்து பார்த்தேன்.
'கர்த்தர்' என்று வரும்போதெல்லாம்
ஒரு புளியங்கொட்டை எடுத்து வையுங்கள் என்றேன்.
கொட்டையைத்தான் எண்ணினார்கள்.
லேவியராகமத்தில் சண்டை மூண்டது:
அவனுக்கு நாற்பது, எனக்கு முப்பத்தெட்டு,
ஒன்று தீத்துவின் மூக்கில்.

குரலை மாற்றிப் படித்தேன்.
கோலியாத்துக்குப் போட்ட குரலில் தீத்து அலறினான்.
பக்கத்து வீட்டு டோ கின் ஏ
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து
எல்லாரும் நலமா என்று பர்மியில் கேட்டாள்.

கூரையிலிருக்கும் பெரிய பல்லி
சரியாக ஜெப நேரத்தில்தான் கூப்பிடும்.
தௌக்தே, தௌக்தே.
ஏழு முறை கூப்பிட்டால் நல்லதாம்,
பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்களாம்.
விரல்விட்டு எண்ணுவார்கள்.
எசேக்கியேலை நடுவில் நிறுத்திவிட்டு
நானும் ஏழாவதற்குக் காத்திருந்திருக்கிறேன்.
ஐயரிடம் இதைச் சொன்னதில்லை.

நேற்று எலிசாவும் அந்த விதவையும்.
கடன்காரன் வாசலில் நிற்கிறான்,
வீட்டில் கொஞ்சம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை
என்ற இடத்தில் என் குரல் தானாக இறங்கியது.
எங்கள் பாமாயில் பாட்டிலில்
பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
நிமிர்ந்தால் ஏனோஸ் இல்லை.

பல்லியைத் தேடிப் போயிருப்பான் என்றாள் எப்சிபா.
நான் படிப்பதை நிறுத்தவில்லை.
கோபத்தில் படித்தால்
அந்த எண்ணெய் இன்னும் வேகமாக ஊற்றுகிறது.
பாத்திரங்கள் நிரம்பி, எண்ணெய் நின்று,
கரண்டும் போனது.

இருட்டில் முதலில் சத்தம்தான் வந்தது,
அலுமினியத்தில் அலுமினியம் இடிக்கிற சத்தம்.
பிறகு அவன்.
டோ கின் ஏயின் மூடியில்லாத தூக்கு,
தேநீர்க்கடை ஹமீது தந்த பால் டின்,
முக்கு வீட்டு மோன்காரம்மாவின் நப்பிச் சட்டி,
எத்தனை கழுவினாலும் வாசம் போகாதது,
இன்னும் யார் வீட்டுக் கிண்ணங்களோ இரண்டு.
எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்து
மூச்சு வாங்க நின்றான்.
"கொஞ்சமா வாங்கக் கூடாதுன்னு
நீதானே படிச்சே."

தூக்கத்திலிருந்து அவர் சொன்னார்:
"கதவைச் சாத்துடா, கொசு."
அதுவும் அந்த அதிகாரத்தில் இருக்கிறது.
ஏனோஸ் மட்டும்தான் கவனித்தான்.
பயபக்தியோடு போய்ச் சாத்தினான்.

ஜெபத்தில் என்ன சொன்னேனோ, நினைவில்லை.
பாயைச் சுற்றி ஐந்தையும் அடுக்கி வைத்துவிட்டு
அவன் தூங்கிப்போனான்.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
வாங்கிய பாத்திரத்தை
வெறுமையாகத் திருப்பித் தருவது எப்படி?

விடியலில் ரசம் வைத்தேன். தாளிக்கவில்லை.
தண்ணீர் ஊற்றினேன்,
இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்,
ஐந்தாவது பாத்திரம்வரை வந்தது.
நப்பிச் சட்டிக்குள் போனது மட்டும்
ரசம்தானா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

பல்கூட விளக்காமல் ஓடிவந்த ஏனோஸ்
எண்ணெய் பாட்டிலைத் தூக்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
கோடு இருந்த இடத்திலேயே எண்ணெயும் இருந்தது.
"குறையலம்மா!" என்று கத்தினான்,
டோ கின் ஏ மறுபடி எட்டிப் பார்க்கும்படி.