இரண்டாம் வாசகர்

குத்தாயிசியில் பிப்ரவரி.
அறுபது கிருமிகள், பெயர் மறைத்து
எண் மட்டும் ஒட்டி,
திபிலிசியிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வந்திருந்தன.
இரண்டு நிறுவனங்கள், இரண்டு கிட்.
எது சரியாகப் பெயர் சொல்கிறதோ
அதை வாங்குவார்கள் ஏழு ஆய்வகங்களுக்கும்.

முதல் கிட் ஒரு பிளாஸ்டிக் பட்டை,
ஒரு கடலை கொள்ளும் இருபது கிண்ணங்கள்.
உப்புநீரில் கரைத்த கிருமியைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
சிலவற்றை எண்ணெயால் மூடி
முப்பத்தாறு பாகையில் ஓர் இரவு வைத்தால்
காலையில் நிறம் மாறியிருக்கும்,
அல்லது மாறாது.
மாறாததும் பதில்தான்.
இரண்டாவதில் நிறமே கிடையாது.
தெளிவு, கலங்கல், அவ்வளவுதான்.

இரண்டு பேர் வாசிக்க வேண்டும்,
ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல்.
முதல் வாசகர் நான்.
இரண்டாமவர் ஜும்பெர்.
இருபத்தாறு வருடமாய் இதே மேசை.

மூன்றாம் நாள் தாள்களை அருகருகே வைத்தேன்.
முதல் கிட்டில் பத்தொன்பது பட்டைகளில் பிணக்கு.
சிதறிக் கிடந்தால் அசதி என்று விட்டிருப்பேன்.
எல்லாம் அதே நான்கு கிண்ணங்கள்,
மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்கும் இடம்.

சந்தையில் அவர் தக்காளியை
ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்து வாங்குவார்.
கருமித்தனம் என்று சிரித்திருக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு
ஒரு கிட் தவறான பெயர் சொன்னது.
மற்றது கைவிரித்தது.
'தட்டை முகராதீர்' என்று
தன் கையால் எழுதி ஒட்டிய தாளுக்குக் கீழே நின்று
மூடியை ஒரு மயிரிழை தூக்கி
"அதேசா" என்றார் ஜும்பெர்.
அவர் வீட்டு முள்சீத்தா மரத்தில்,
இல்லை, அது பேரி மரம்,
ஏறிப் படர்ந்திருக்கும் கருந்திராட்சை.
உறை பிரித்தோம்: சூடோமோனாஸ்.

படிவத்தில் மூக்குக்குக் கட்டம் இல்லை.

"எத்தனை?" என்றார்.
"பத்தொன்பது."
"இயாம்ஸே இருந்தவரை
நிறத்தை அவள் சொல்வாள், நான் எழுதுவேன்.
அவள் ஓய்வு பெற்று ஒன்பது வருடம், மக்வாலா.
யாரும் எண்ணவில்லை."

ஒன்பது வருடப் பதிவேடுகள்
இரும்பு அலமாரியில் இருக்கின்றன.
அவற்றில் குழந்தைகளின் பெயர்கள்.
சாவி என் கோட்டுப் பையில் கனத்தது.
அன்றைக்குத் திறக்கவில்லை.
திறக்காததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

என் கண்ணில் முதல் கிட் ஐம்பத்தேழு சரி.
அவர் கண்ணில் நாற்பத்துநான்கு.
இரண்டாவது கிட், விலை அதிகம்,
இருவர் கண்ணிலும் ஐம்பத்துநான்கு.
வாங்கப்போவது யாருடைய கண்ணுக்கு?

உறுதி செய்துகொள்ள
பன்னிரண்டாம் பட்டையை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.
வெளியே ரியோனி ஆறு சேற்று நிறத்தில்.
மூன்றாம் கிண்ணம் ஆரஞ்சு என்று எழுதியிருந்தேன்.
பனி வெளிச்சத்தில் மஞ்சள்போல் இருந்தது.
விளக்கடிக்கு வந்தேன், ஆரஞ்சு.
மறுபடி ஜன்னல்.

திரும்பியபோது அறிக்கை அவர் முன்னால் இருந்தது.
குறிப்புகள் என்ற இடத்தில்
நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை
அவரே எழுதத் தொடங்கியிருந்தார்:
'இரண்டாம் வாசகருக்கு
சிவப்பும் பச்சையும் ஒன்று.'

பாதியில் நிறுத்தி
பேனாவைத் தூக்கிக் காட்டினார்.
"இது எது?"
"பச்சை."
"அரசாங்கத் தாளில் ஆகுமா?"
"ஆகாது."
"சரி," என்று
அதிலேயே கையெழுத்திட்டார்.